பத்தொன்பதாம் மாடிச் சீதன வீடு

"வெளிநாட்டில் ஒரு வீடு வாங்கப் போகிறேன், அதற்கு இங்கே ஒரு சின்ன உறுதிப் பத்திரம் மட்டும் முடித்தால் போதும்" என்று யாராவது சிரித்த முகத்தோடு உங்கள் கந்தோருக்குள் வந்தால், பேனையை எடுக்காதீர்கள். முதலில் தேத்தண்ணீர் சொல்லுங்கள். அவசரமாக வருகிற மனிதரை ஆறப்போடுவதற்கு நாற்பது வருடமாக நான் வேறு வழியைக் கண்டுபிடிக்கவில்லை. சட்டக் கல்லூரியில் இதைச் சொல்லித் தரமாட்டார்கள். அங்கே கிடைக்கிற தேத்தண்ணீரைக் குடித்துப் பார்த்தவர்களுக்கு அதன் காரணம் விளங்கும்.

புதிதாக நொத்தாரிசு முத்திரை வாங்கியிருக்கிற நீங்கள் எல்லோரும் என்னை விடக் கெட்டிக்காரர். இது முகஸ்துதி இல்லை. உங்களில் இரண்டு பேர் எழுதிய உறுதிகளை வாசித்துவிட்டுத்தான் சொல்கிறேன். எல்லைகள் சரி, விஸ்தீரணம் சரி, தமிழும் பெரும்பாலும் சரி. ஆனால் நொத்தாரிசு வேலையில் எழுதுவது பாதிதான். மற்றப் பாதி, எழுத வேண்டியதை எழுதாமல் கொஞ்ச நேரம் சும்மா இருப்பது. அந்தப் பாதியைப் பற்றித்தான் இன்றைக்கு ஒரு கதை சொல்லப் போகிறேன்.

யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மதுரங்குளிச் சந்தியில் ஓர் இரும்புக் கடைக்கு மேல்மாடியில் என் கந்தோர். உடப்பிலிருந்து காலையில் பஸ் ஏறி வருவேன். அந்தக் காலத்தில் எல்லோருடைய கையிலும் திடீரென்று ஒரு நம்பிக்கை வந்திருந்தது. கற்பிட்டிப் பக்கம் கடற்கரைக் காணியின் விலை ஏறியது. மாம்புரியில் மிளகாய்த் தோட்டம் செய்தவர்கூட வெளிநாட்டுக்காரர் யாராவது வருவார்களா என்று வேலியோரம் நின்று பார்த்தார். வெளியே இருந்து இங்கே வாங்க வந்தார்கள் என்றால், இங்கிருந்து வெளியே வாங்கப் புறப்பட்டவர்களும் இருந்தார்கள். அப்படிப் புறப்பட்ட ஒருவரை நான் ஹாஜியார் என்றுதான் கூப்பிடுவேன். நீங்களும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

ஹாஜியார் தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில் மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டு, குடும்பத்தோடு வள்ளத்தில் கற்பிட்டியில் வந்து இறங்கியவர். சைக்கிளில் கருவாடு கொண்டு திரிந்து விற்றார். பிறகு கொப்பரா. பிறகு முந்தல் பக்கத்து இறால் பண்ணைகளுக்குத் தீனி விநியோகம். கடனுக்குக் கொடுப்பார், கடனுக்கு வாங்குவார், இரண்டுக்கும் நடுவில் பிந்திய திகதி போட்ட செக்குகளில் அவருடைய வியாபாரம் ஓடியது. நாணயமான மனிதர். ஆசை மட்டும் கொஞ்சம் உயரமானது.

அவருடைய மகளுக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளை கற்பிட்டிப் பையன், வளைகுடா நகரம் ஒன்றில் கட்டட அளவைப் பகுதியில் நல்ல வேலை. அவர்களுடைய வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும். வீடு பெண்ணின் பெயரில் இருக்கும், மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். சம்பந்தம் பேசிய அன்று மாப்பிள்ளையின் தாய் வட்டிலப்பத்தைச் சாப்பிட்டுக்கொண்டே, "மகன் அங்கதானே இருக்கான், வீடும் அங்க இருந்தா எவ்வளவு நல்லம்" என்று சொல்லிவிட்டார். அந்த அம்மா அதைச் சிரிப்புக்குச் சொன்னாரா, வட்டிலப்பம் இனித்ததால் சொன்னாரா, எனக்குத் தெரியாது. ஹாஜியார் அதை அப்படியே நெஞ்சில் எழுதிக்கொண்டார்.

அடுத்த வாரமே கொழும்பில் ஒரு பெரிய ஹோட்டலில் கண்காட்சி. வெளிநாட்டு வீடுகளை விற்கிற ஒரு கம்பனி. கண்ணாடிப் பெட்டிக்குள் கட்டடத்தின் சின்ன உருவம், உள்ளே லைட், கீழே நீலச் சாயத்தில் கடல், ஓரத்தில் பிளாஸ்டிக் ஈச்சமரங்கள். சொந்தமாகத் தென்னந்தோப்பு வைத்திருக்கிற மனிதர், விரல் உயரப் பிளாஸ்டிக் மரத்தைப் பார்த்து மயங்கிவிட்டார். பத்தொன்பதாம் மாடியில் ஒரு வீட்டுக்கு அன்றே பதிவு. கட்டடம் இன்னும் எழும்பவில்லை. அத்திவாரம் தோண்டுகிற படத்தைத்தான் காட்டியிருக்கிறார்கள். எங்கள் உடப்பில் தீ மிதிக்கிறவர்கள்கூட முதலில் விரதம் இருப்பார்கள். இவர் ஒரு கோப்பிக் குவளையோடு இறங்கிவிட்டார்.

முற்பணம் கொடுத்தாயிற்று. மிச்சம் பல வருடத்துக்குத் தவணை தவணையாகக் கட்ட வேண்டும். முதல் பெரிய தவணைக்குக் காசு தேவைப்பட்டபோதுதான் என்னிடம் வந்தார்.

"மிஸ், மதுரங்குளி வீட்ட வச்சு கொஞ்சம் காசு எடுக்கணும். வட்டிக்கு இல்ல. வட்டி எங்களுக்கு ஹராம். சிலாபத்து முதலாளி ஒருத்தர் இருக்கார், நிபந்தனையோட உறுதி முடிச்சா தாறன் எண்டார்."

நிபந்தனை உறுதி என்றால் என்ன என்று உங்களுக்குப் பாடத்தில் வந்திருக்கும். வாழ்க்கையில் அது எப்படி வரும் என்று நான் சொல்கிறேன். வெளியே பார்த்தால் அது விற்பனை. வீட்டைக் காசு தருகிறவர் பெயருக்கு எழுதிக் கொடுப்பீர்கள். குறித்த தவணைக்குள் காசைத் திருப்பிக் கொடுத்தால் அவர் வீட்டைத் திருப்பி எழுதித் தருவார். தவணை தப்பினால் வீடு அவருடையதுதான், ஏலமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. வட்டி கூடாது என்று ஒதுங்குகிற எத்தனையோ நல்ல மனிதர்கள் நேராக வந்து இந்த உறுதிக்குள் விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். வட்டி என்ற சொல் அதில் எங்கேயும் இருக்காது. அது விலைக்குள் போய் உட்கார்ந்திருக்கும்.

"வீடு உங்கட பேரிலயா ஹாஜியார்?" என்று கேட்டேன்.

"இல்ல, மனிசிட பேரில. அவ வந்து கையெழுத்து வைப்பா. அதொரு பிரச்சினை இல்ல."

அதொரு பிரச்சினை இல்லை என்று எந்த இடத்தில் சொல்கிறார்களோ, அந்த இடத்தில் ஒரு கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்து வைக்கிற நாள் வந்தது. என் சின்னக் கந்தோரில் சாட்சிகள் இரண்டு பேர், ஹாஜியார், அவருடைய மனைவி, சிலாபத்து முதலாளி. மனைவி எனக்கு வயதில் மூத்தவர். அவர்கள் வழக்கப்படி அக்காவை அழைப்பதுபோல் ராத்தா என்பேன். அவர் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு ஓரத்துக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். முதலாளி சிங்களவர், எங்களைப் போலவே தமிழ் பேசுவார், பகிடி விடுவார், கெட்டவர் இல்லை. காசு உள்ளவர் கடன் கொடுப்பதில் என்ன குற்றம்? ஆனால் அவருக்கு ஒரு நல்ல நேரம் இருந்தது. சோதிடரிடம் கேட்டு வந்திருந்தார்.

"மிஸ், நல்ல நேரம் முடியிறதுக்குள்ள வச்சிருவம்" என்று மணிக்கூட்டைப் பார்த்தார்.

ஹாஜியாருக்கு அஸர் தொழுகைக்குப் போக வேண்டும். அவரும் மணிக்கூட்டைப் பார்த்தார். சாட்சிகளில் ஒருவருக்குப் புத்தளம் பஸ். அவரும் பார்த்தார். இத்தனை பேர் மணிக்கூட்டைப் பார்க்கிற அறையில் உறுதியைப் பார்க்கிறவர் நீங்கள் ஒருவர்தான். அதை மறந்துவிடாதீர்கள்.

நான் சிலாபத்தில் தொழில் பழகியபோது எனக்கு மேலே இருந்த பெரியவர் ஒருவர் அடிக்கடி சொல்வார்: "பிள்ளை, காசு வாங்குகிறவனையும் பார்க்காதே, கொடுக்கிறவனையும் பார்க்காதே. இது கெட்டுப்போனால் தெருவில் நிற்கப் போவது யார் என்று பார். அந்த ஆளோடு கதைத்துவிட்டு முத்திரையை எடு." வாயில் எப்போதும் வெற்றிலை இருந்ததால் இதைக் கேட்கும்போது முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டியிருக்கும். ஆனால் மறக்கவில்லை.

எனவே நான் வாசிக்கத் தொடங்கினேன். மெதுவாக, தேர் இழுக்கிற வேகத்தில். வடக்கே யாருடைய காணி, கிழக்கே எந்த வேலி என்று ஒவ்வொன்றாக. முதலாளி கதிரையில் நெளிந்தார். உறுதியை வாசித்து விளங்கப்படுத்தினேன் என்று அத்தாட்சியில் கையெழுத்து வைக்கப் போவது நான்தானே. விளங்கியதா என்று கேட்காமல் எப்படி வைப்பது?

"ஹாஜியார், அந்த நாட்டுத் தவணைய எப்பிடிக் கட்டுவீங்க?" என்று நடுவில் கேட்டேன்.

"அதுக்கு செக் குடுத்தாச்சு மிஸ். திகதி போட்டு, மொத்தமா."

"உங்கட செக்கா?"

"அங்கத்த பேங்க் செக்தான் எடுப்பாங்களாம். மாப்பிளைட செக். வீடும் அவர்ட பேரில. அங்க வேல செய்யிறவர் எண்டா லேசாம். நான் மாசா மாசம் காசு அனுப்பி விடுவன், அவர் பேங்குல போடுவார்."

"காசு எப்பிடிப் போகும்?"

அவர் கூரையைப் பார்த்தார். "உண்டியல்காரர் ஒருத்தர் இருக்கார் மிஸ், நல்ல நம்பிக்கையான ஆள்."

உண்டியல் என்றால் வங்கிக்குத் தெரியாமல் காசு கைமாறுகிற வழி. வெளிநாட்டில் சொத்து வாங்கக் காசு அனுப்புவதற்கு அந்நியச் செலாவணிச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதை அவருக்கு நினைவூட்டினேன். அவர் அதை மழை வரும் என்று சொன்னதைக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டார். நான் அடுத்ததைக் கேட்டேன்.

"சரி, ஒரு மாசம் பண்ணக்காரன் உங்களுக்குக் காசு தரல்ல. நீங்க அனுப்பப் பிந்திட்டுது. செக் திரும்பினா?"

ஹாஜியார் என்னைப் பார்த்துச் சிரித்தார். பரிதாபப்பட்டுச் சிரிக்கிற சிரிப்பு. "செக் திரும்பினா என்ன மிஸ்? ஒரு டெலிபோன் கோல் வரும். அடுத்த வெள்ளிக்குப் போடுங்க எண்டு சொல்லுவம். இது என்ன புதுசா? முந்தல்ல திரும்பாத செக் இருக்கா?"

முதலாளியும் சிரித்தார், சாட்சிகளும் சிரித்தார்கள். உண்மையும் அதுதான். எங்கள் பக்கத்தில் திகதி போட்ட செக் என்பது ஒரு நல்ல எண்ணம். திரும்பினால் கொஞ்சம் ஏச்சு, ஒரு தேத்தண்ணீர், புதுத் திகதி. இந்தக் கரையில் வியாபாரம் செய்த யாருக்கும் அது வேறு மாதிரி இருக்கும் என்று தோன்றாது. எனக்கும் அந்த நாட்டுச் சட்டம் தெரியாது. தெரியாது என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது. தெரியாத இடத்தில் கேட்பதற்கு வெட்கப்பட்டால் இந்த முத்திரையைத் தூக்கிக் கடலில் போட்டுவிடலாம்.

"மாப்பிளைட நம்பர் தாங்க, கேட்டுப் பாப்பம்" என்றேன்.

ஹாஜியார் பதறிப்போனார். "மாப்பிளையோட சீதனத்தப் பத்திக் கதைக்கிறதா? அல்லாஹ்வே, நாங்க கதைக்கிறல்ல மிஸ். அவங்கட உம்மாவோடதான் எல்லாக் கதையும். அவரும் என்னோட கதைச்சதில்ல, நானும் கதைச்சதில்ல. மரியாதை கெட்டுப்போகும்."

விளங்குகிறதா? வீட்டை வாங்குகிறவரும், யாருடைய பெயரில் வாங்குகிறார்களோ அவரும், அந்த வீட்டைப் பற்றி ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. செக்குகள் தாயின் மூலம் கேட்கப்பட்டு, தரகர் மூலம் எழுதப்பட்டு, மரியாதையோடு போய்ச் சேர்ந்திருக்கின்றன. நான் பெண், அதிலும் இந்து, சம்பந்தத்தில் எந்தப் பக்கமும் சேராதவள். எனக்கு அந்த மரியாதைக் கட்டு இல்லை. நானே அழைத்தேன். ராத்தாவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

பையன் நல்ல பிள்ளை. நான் யார் என்று சொன்னதும், "சொல்லுங்க மிஸ்" என்று மரியாதையாகக் கதைத்தான். செக் திரும்பினால் அங்கே என்ன நடக்கும் என்று கேட்டேன்.

"பொலிஸ் கேஸ் மிஸ்" என்றான். "இங்க அது களவு மாதிரி. உள்ளுக்குப் போடுவாங்க. பாஸ்போட்ட எடுத்திருவாங்க, நாட்ட விட்டு வரேலாது. எங்கட ரூம்ல இருந்த ஒருத்தர் இன்னும் உள்ளதான் இருக்கார்."

"இத மாமாட்ட சொன்னீங்களா?"

"எப்பிடி மிஸ் சொல்ற? அவங்க மகளுக்குத் தாற வீடு. காச நேரத்துக்கு அனுப்புங்க எண்டு நான் கேட்டா, சீதனத்துக்கு ஆசப்பட்டவன் மாதிரி வராதா? எனக்கு அந்த வீடே தேவையில்ல மிஸ். உம்மா சும்மா சொன்னது. ஒவ்வொரு மாசத் திகதியையும் நினைச்சா எனக்கு நித்திரை வருதில்ல."

அறையில் யாரும் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. ஹாஜியார் மகளுக்கு ஒரு வீடு வாங்கப் போய், மகளின் மாப்பிள்ளையை கம்பி போட்ட மறியல் வீட்டின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார். அதுவும் கல்யாணத்துக்கு முன்னாலேயே. அந்த இடத்தில் நான் அவருக்காக உண்மையாகவே வருந்தினேன். ஆசை பெரிதாக இருந்தாலும் அது மகளுக்கான ஆசைதானே.

ஆனால் மனிதர்கள் இந்த இடத்தில் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குச் சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள். ஆபத்து தெரிந்தவுடன் பின்னால் போவார்கள் என்று நினைப்பீர்கள். இல்லை. இன்னும் வேகமாக முன்னால் போவார்கள்.

"அப்ப கட்டாயம் இண்டைக்கே வைக்கணும் மிஸ்" என்றார் ஹாஜியார். "முதல் செக் வாறதுக்குள்ள காசு போகணும். இல்லாட்டி அவருக்குக் கரைச்சல் வந்திரும். நிப்பாட்டினா குடுத்த முற்பணம் அப்படியே போயிரும், திருப்பித் தரமாட்டாங்க எண்டு எழுதியிருக்காம். அவ்வளவு காச எப்பிடி மிஸ் விடுற?"

முதலாளி மெல்ல, "மூணு செக்குக்குக் காணும் நான் தாறது. அதுக்குப் பிறகு?" என்று கேட்டார். கடன் கொடுக்க வந்தவரே கேட்ட கேள்வி அது. பிறகு தென்னந்தோப்பு, பிறகு கடை, பிறகு லொறி என்று ஹாஜியாரின் மனதுக்குள் கணக்கு ஓடியதை முகத்திலேயே பார்க்க முடிந்தது. பதறாத காரியம் சிதறாது என்பார்கள். பதறிவிட்டால் எதையெல்லாம் சிதறடிக்கலாம் என்று மனிதருக்குப் பட்டியலே வந்துவிடுகிறது.

நான் ஆண்கள் எல்லோரையும் கீழே அனுப்பினேன். "வீடு ராத்தாட பேரில. நான் ராத்தாவோட தனியக் கதைக்க வேணும். கீழ பக்கத்துக் கடையில தேத்தண்ணி நல்லம், போய்க் குடிச்சிட்டு வாங்க." முதலாளி நல்ல நேரத்தைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தார். தேத்தண்ணீரோடு வாய்ப்பனும் நல்லது என்று சொல்லி அவரையும் அனுப்பிவிட்டேன்.

கதிரையை ராத்தாவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டேன்.

"ராத்தா, இது என்ன கடுதாசி எண்டு உங்களுக்குச் சொல்லியிருக்காங்களா?"

"ஈடுதானே? அவர் மீட்டுத் தருவார்."

"ஈடு இல்ல ராத்தா. வித்துக் குடுக்கிறது. தவணைக்குள்ள காசு குடுத்தா திருப்பி வாங்கலாம். தவணை தப்பினா வீடு முதலாளிட."

"அந்த ஊர் வீடு கட்டி முடிஞ்சிட்டா?" என்று கேட்டார்.

"இல்ல. இப்பதான் கட்டுறாங்க."

"அது மகள்ட பேரிலயா?"

"இல்ல. மாப்பிளைட பேரில."

ராத்தா சிரித்தார். அந்த அறையில் அன்றைக்கு அவர் முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான். "கட்டாத வீட்டுக்காகக் கட்டின வீட்டக் குடுக்கவா? எங்கட ஆம்பிளைகளுக்கு அல்லாஹ் நல்ல மூளையக் குடுத்தான்."

பெரியவரின் கேள்விக்கு அன்று மூன்று பதில் வந்தது. கெட்டுப்போனால் தாய்க்கு வீடு இல்லை. மகளுக்கு முதலிலேயே இல்லை. மாப்பிள்ளை சிறைக்குள். ஆனால் ராத்தாவுக்கு என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கையெழுத்து வைக்காதீர்கள் என்று சொல்வது நம்முடைய வேலை இல்லை. என்ன வைக்கிறோம் என்று தெரிந்து வைக்கச் செய்வதுதான் நம்முடைய வேலை. அதற்கு மேலே போனால் அடுத்த தலைமுறைக்கும் வீட்டுப் பஞ்சாயத்து உங்களிடம்தான் வரும்.

ஆண்கள் மேலே வந்தார்கள். ஹாஜியார் பேனையை எடுத்து மனைவியிடம் நீட்டினார். ராத்தா வாங்கவில்லை.

"தொண்ணூறுல எங்கட வாப்பா தந்த சீதன வீட்ட விட்டுட்டு வந்தம்" என்றார். குரலை உயர்த்தவில்லை. "அடுப்புல சோத்துப் பானை. அத இறக்கி வைக்கக்கூட நேரமில்ல. கதவப் பூட்டித் திறப்பக் கையில எடுத்துக்கொண்டு வள்ளத்துல ஏறினம். நான் அழுதன். அழாத புள்ள, உனக்கு ஒரு வீட்ட நான் கட்டித் தாறன் எண்டு நீங்க சொன்னீங்க. சொன்ன மாதிரிக் கட்டித் தந்தீங்க. ஒரு வீட்டையே சோத்தோட விட்டுட்டு வந்தவங்க நாம. கண்ணாடிப் பெட்டிக்குள்ள பாத்த வீட்டுக்குக் குடுத்த முற்பணத்த உங்களுக்கு விட ஏலாதா?"

ஹாஜியார் பேனையை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். நான் இத்தனை வருடத் தொழிலில் எத்தனையோ அழுகையைப் பார்த்தவள். பெரும்பாலானவை பங்குக்காக அழுதவை. அன்றைக்கு என் கண்ணும் நனைந்ததை மறைக்க மாட்டேன்.

முதலாளிதான் முதலில் எழுந்தார். "எனக்குப் பிரச்சினை இல்ல மிஸ். நல்ல நேரமும் போயிட்டுது. இனி இந்த அக்கா வந்து காலப் பிடிச்சாலும் நான் வாங்கமாட்டன்" என்றார். போகும்போது ஹாஜியாரின் தோளில் தட்டிவிட்டுப் போனார். புத்தளம் பஸ்ஸைத் தவற விட்ட சாட்சி மட்டும் என்னைக் கோபமாகப் பார்த்தார்.

அன்றைக்கே ஹாஜியார் தன் வாழ்க்கையில் முதல் தடவையாக மாப்பிள்ளையோடு நேரடியாகக் கதைத்தார். என் கந்தோரில் இருந்தே, என் தொலைபேசியில், சலாம் சொல்லிவிட்டு அடுத்து என்ன சொல்வதென்று தெரியாமல் இருவரும் மாறி மாறி இருமினார்கள். பிறகு விஷயத்துக்கு வந்தார்கள். முற்பணத்தை விட்டுக் கொடுப்பதாக எழுதிக் கொடுத்துவிட்டு, செக்குகளை ஒன்று விடாமல் திருப்பி வாங்கச் சொன்னார். வாங்கியதும் கிழித்துப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். பையன் படத்தை அனுப்பினான். கிழிப்பதற்கு அவ்வளவு ஆசையோ என்னவோ, துண்டுகள் மிகச் சின்னனாக இருந்தன.

இந்தக் கதையில் எனக்குக் கிடைத்த கூலியையும் சொல்லிவிடுகிறேன். உறுதி முடியவில்லை, அதனால் ஒரு சதமும் இல்லை. தேத்தண்ணீர்க் காசும் வாய்ப்பன் காசும் என் செலவு. அதோடு ஹாஜியார் என்னோடு கோபித்துக்கொண்டார். பல மாதங்கள் தன் வேலைகளையெல்லாம் புத்தளத்தில் வேறொரு நொத்தாரிசிடம் கொண்டுபோனார். மனைவிக்கு முன்னால் அழ வைத்த ஆளை யார்தான் உடனே பார்க்க விரும்புவார்? நல்லது செய்தால் நன்றியோடு வருவார்கள் என்று காத்திருக்காதீர்கள். வருவார்கள், ஆனால் முதலில் கொஞ்சம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டுத்தான் வருவார்கள்.

அவரும் கல்யாணக் கார்டோடு வந்தார். கல்யாணத்துக்கு முன் ராத்தா தன் வளவில் பின்பக்கத்துப் பாதியை மகளுக்கு நன்கொடை உறுதி முடித்துக் கொடுத்தார். அந்த உறுதியை நான்தான் எழுதினேன், மிக வேகமாக வாசித்தேன். அங்கே இரண்டு அறையும் குசினியுமாக ஒரு சின்ன வீடு எழும்பியது. மாப்பிள்ளையின் தாய் வந்து பார்த்துவிட்டு, காற்று நல்லா வருகிறது என்றார். மறுபடியும் வட்டிலப்பம் கொடுத்திருந்தார்கள்.

இப்போது நீங்கள் கேட்க நினைப்பது எனக்குத் தெரியும். அந்த வெளிநாட்டுக் கட்டடம் இடிந்து விழுந்ததா, கம்பனி ஓடிப்போனதா? இல்லை பிள்ளைகளே. கட்டடம் சொன்ன மாதிரியே எழும்பியது, ஒரு வருடம் பிந்தி. பார்க்க வடிவாகவும் இருக்கிறது. ஹாஜியார் படத்தைத் தொலைபேசியில் வைத்துக்கொண்டு, என்னைக் காணும்போதெல்லாம் பெரிதாக்கிக் காட்டுவார். "பாத்தீங்களா மிஸ், பத்தொன்பதாம் மாடி. நாலாவது ஜன்னல். கடல் தெரியும்." நானும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்து, நல்ல ஜன்னல் என்பேன்.

அப்படியிருக்க ஒரு வருடம் முந்தல் பக்கத்து இறால் பண்ணைகளில் வெள்ளைப்புள்ளி நோய் வந்தது. தொட்டி தொட்டியாக இறால் செத்தது. பண்ணைக்காரர் ஹாஜியாருக்குக் கொடுத்த செக்குகள் வரிசையாகத் திரும்பின. அவர் மற்றவர்களுக்குக் கொடுத்தவையும் திரும்பின. ஏச்சும் தேத்தண்ணீரும் புதுத் திகதியுமாக ஊரே ஒருவரை ஒருவர் பொறுத்துக்கொண்டது. அந்த நாட்களில் ஒரு நாள் ஏதோ ஒரு குத்தகை விஷயமாக அவர் என் கந்தோருக்கு வந்தார். மெலிந்திருந்தார். வேலை முடிந்த பிறகும் போகாமல், தொலைபேசியில் அந்தப் படத்தைத் திறந்து மேசையில் வைத்தார்.

"கட்டடம் எழும்பித்தான் நிக்குது மிஸ்."

"ஓம் ஹாஜியார். வடிவா நிக்குது."

"அந்த செக்கெல்லாம் இருந்திருந்தா, இந்த மாசமும் ஒண்டு வந்திருக்கும்."

"மருமகன் எங்க நிக்கிறார்?" என்று கேட்டேன்.

"லீவுல வந்திருக்கார். வீட்டுலதான். காலை பத்து மணிக்கும் எழும்புறாரில்ல மிஸ், நல்லாத் தூங்குறார்."

முறைப்பாடு சொல்வதுபோலத் தொடங்கியவர் பாதியில் நிறுத்தினார். படத்தை மூடித் தொலைபேசியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"தூங்கட்டும் மிஸ்" என்றார்.